விட்டுச் சென்ற பொருளும் கையேற்றவர் கடனும்

சைவ உலகம் போற்றும் அறுபத்துமூன்று நாயன்மார்களுள் இருவருடைய வரலாறு, பிறருடைய பொருளைச் சிறிது நேரம் தம் கையில் வைத்திருந்தவர்களின் வரலாறாகும். ஒருவர் காஞ்சிபுரத்திலே துணி வெளுத்து வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார். மற்றவர் பழையாறையிலே துணி வணிகம் செய்த அமர்நீதி நாயனார். ஒருவர் கையில் ஒரு கந்தை. மற்றவர் கையில் ஒரு கோவணம். விலை பேசினால் இரண்டும் சேர்ந்து ஒரு காசு பெறா.

குளிர்காலத்திலே மெலிந்த மேனியோடும் அழுக்கேறிய கந்தையோடும் வந்த அடியவரிடம் அதனை வாங்கிய திருக்குறிப்புத்தொண்டர், பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்தார். மழை விடாது பெய்தது. பொழுது சாய்ந்தது, துணி உலரவில்லை. மழை பெய்தது தமது குற்றமா என்று அவர் வாதாடவில்லை. துவைக்கும் கல்லிலே தம் தலையை மோதப் போனார். இறைவன் திருக்கரம் தோன்றித் தடுத்தது.

அமர்நீதியார் கதை இன்னும் நுட்பமானது. திருநல்லூரிலே மடம் அமைத்து அடியார்களுக்கு அமுதும் உடையும் அளித்து வந்த அவரிடம், பிரமசாரி வடிவிலே வந்த இறைவன் தமது தண்டிலிருந்த கோவணங்களுள் ஒன்றைக் கொடுத்து, நீராடி வரும்வரை வைத்திருக்கும்படி கேட்டார். இதைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம் என்றும் சொல்லிச் சென்றார். நாயனார் அதனைத் தமது கடைச் சரக்கோடு சேர்க்காது வேறோர் இடத்திலே காவலாக வைத்தார். ஆயினும் கோவணம் மறைந்துவிட்டது. மறைத்தவர் இறைவனே. ஆகவே குற்றம் நாயனாருடையதன்று. என்றாலும் அவர் தம்மிடமிருந்த நல்ல கோவணங்களை எல்லாம் நீட்டினார். வந்தவர் மறுத்தார். தண்டில் எஞ்சியிருந்த கோவணத்துக்கு நிறையான கோவணம் தரவேண்டும் என்றார். தராசு நாட்டப்பட்டது. துணிகள், பொன், மணி என்று இருந்தவை எல்லாம் ஏற்றியும் தட்டு சமமாகவில்லை. ஈற்றில் மனைவியும் மகனும் தாமுமாக அவர் தட்டிலே ஏறினார்.

கோயில்களிலே புராணபடனம் நிகழும்போது இக்கதையின் பயனாக அடியார் பக்தியே பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அது சரியே. ஆனால் கதைக்குள் வேறொரு செய்தியும் உண்டு. ஒரு பொருளின் பெறுமதியைத் தீர்மானிப்பவர் அதைக் கையேற்றவர் அல்லர்; அதை விட்டுச் சென்றவர். தராசு அமர்நீதியாருக்குக் காட்டியதும் அதுவே.

இந்தச் செய்தி இன்று மிகவும் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. வாகனம் கழுவும் நிலையம்.

யாழ்ப்பாணத்து வாகனங்களுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1990களிலே எரிபொருளுக்குத் தடையிருந்த காலத்தில், பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. எஞ்சினை உயிர்ப்பிக்க மட்டும் சில துளி பெற்றோல் ஊற்றுவார்கள். அக்காலத்தில் வாகனம் ஓடினாற் போதும். அதன் உள்ளே தூசு துடைப்பதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபின்னும், இடையில் 2006 ஓகஸ்ற்றில் மூடப்பட்டுப் போர் முடிந்த 2009க்குப் பின் மீண்டும் திறந்தபின்னும் தெருவின் தோற்றமே மாறிற்று. வான்களும் சிறு கார்களும் வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை வழி திறவாதிருந்தது. ஆதலால் இருக்கும் வாகனத்தைப் பேணிக்காக்கும் எண்ணமும் வளர்ந்தது. கராச்சிலே வெளிப்புறம் கழுவுவதோடு நின்ற வேலை, சீற்றுகளைக் கழற்றித் தூசு உறிஞ்சி, கூரைத் துணியும் கதவுப் பலகையும் துடைத்து, பொலிஷ் பூசி முடிப்பது என்ற தனித் தொழிலாகிவிட்டது.

வெளியே கழுவுபவன் பார்ப்பது சேற்றை. உள்ளே துப்புரவு செய்பவன் பார்ப்பது ஒரு குடும்பத்தை.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கிய கச்சானின் கோது சீற்றுக்கடியில் கிடக்கும். அர்ச்சனைச் சிட்டை, வாழையிலைத் துண்டிற் பொதிந்த திருநீறு, காய்ந்த பூ, பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து, மருந்துத் துண்டு, சில்லறைக் காசு, அடையாள அட்டையின் நிழற்பிரதி, மூடியில்லாத பேனை என ஒவ்வொன்றாக வெளியே வரும். இவற்றுள் எது குப்பை, எது பொருள்? தொழிலிலே நாளொன்றுக்குப் பலமுறை எழும் கேள்வி இது. பதில் கண்ணுக்குத் தெரிவதுபோலத் தோன்றும். நாலாக மடித்து ஓரம் கிழிந்த ஒரு தாள் வீசவேண்டிய தாளாகவே தெரியும். அது பிரதேச செயலகத்துக்குக் காட்டக் கொண்டுபோன காணி உறுதியின் பிரதியாக இருந்தால்? வலிகாமம் வடக்கிலே 1990இல் இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்படும் வரை பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தாளின் நிறை என்னவென்று எந்தத் தராசும் சொல்லாது. காணாமற் போன மகனின் படமும், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் அடங்கிய பிளாஸ்ரிக் கோப்பு ஒன்று பின்சீற்றிலே கிடந்தால்? காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்படுவதற்கு எவ்வளவோ முன்னரே, தாய்மார் அத்தகைய கோப்புகளோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். கழுவுகின்ற தண்ணீர் அந்தப் படத்தின் மேல் தெறித்தாற் போதும். அதற்கு ஈடாக எதைத் தட்டில் வைப்பது?

ஆகவே தொழிலின் முதல் விதி, தாமாகத் தீர்ப்புச் சொல்லாதிருத்தல். கோது, மிட்டாய்த் தாள், உடைந்த ஸ்ரோ ஆகியவற்றைத் தவிர, எழுத்தோ படமோ இலக்கமோ உள்ள எதுவும் உரியவரைக் கேளாமல் வாளிக்குள் போகக் கூடாது. கேட்பதற்கு இரண்டு நிமிடம் செல்லும். கேளாமல் விட்டதற்கு ஒரு வயது செல்லலாம்.

தூசு உறிஞ்சும் இயந்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குக் கண் இல்லை. தோட்டின் சுரை ஒரு மிளகளவே இருக்கும். மூக்குத்தியும் அப்படியே. சீற்றின் மடிப்புக்குள் விழுந்தவற்றை அது கச்சான் கோதோடு சேர்த்து விழுங்கிவிடும். நல்ல வேலைக்காரர்கள் முதலிலே கையால் தடவிப் பார்த்த பின்பே குழாயை வைப்பார்கள். ஒரு வாகனம் முடிந்ததும் பையைப் பழைய பத்திரிகையில் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டே அடுத்த வாகனத்துக்குப் போவார்கள். மூன்று வாகனத்துத் தூசு ஒரே பையிற் கலந்துவிட்டால், கிடைத்த சுரை யாருடையது என்பதை எவரும் அறிய முடியாது. முன்னாளிலே சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றினால் வீட்டுக்கு வீடு வேறு குறியிட்டு, ஊர்த்துணி முழுவதையும் ஒரே மூட்டையிற் கொண்டுபோய்ப் பிசகாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குறியின் வேலையை இன்று ஓர் உறையும் அதன்மேல் எழுதிய வாகன இலக்கமும் செய்துவிடும்.

கோயிற் பொருள்கள் இன்னொரு வகை. கண்ணாடியிலே தொங்கும் காய்ந்த மாலையையும், முன்பக்கத்திற் கட்டிய எலுமிச்சம்பழத்தையும் அழுக்கென்று அறுத்தெறிய எவருக்கும் உரிமையில்லை. உரியவர் எடுக்கச் சொன்னாலும், சுவாமிக்குச் சாத்திய பூ காலில் மிதிபடாமல் ஒரு மரத்தடியிற் சேர்வதுதான் முறை. வேலைக்காரர் வேறு சமயத்தவராக இருக்கலாம். வாகனத்துக்குரியவரும் அவ்வாறே. முன்கண்ணாடியருகில் செபமாலையோ குர்ஆன் வசனம் எழுதிய அட்டையோ இருந்தால், துடைத்துவிட்டு இருந்த இடத்திலேயே திருப்பி வைக்கவேண்டும்.

எடுக்காமல் விட்டாற் போதுமா என்றால், போதாது. பார்ப்பதிலும் ஓர் எடுத்தல் உண்டு. டாஷ்போட் பெட்டிக்குள்ளே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது பெண்பிள்ளையின் சாதகக் குறிப்பு இருக்கிறது. கராச்சிலே நிற்கும் பெடியன் அந்த ஊரவன். மாலையிலே சந்தியில் நின்று, இன்னாருடைய காருக்குள் இப்படியொரு கொப்பி கிடந்தது என்று ஒரு சொல் விட்டானானால், மறுநாட் காலை அது குளத்தடிக்கு வந்துவிடும். பேசிவந்த கலியாணம் ஒன்று அதனால் நின்றுபோகலாம். அந்தக் காரிலிருந்து ஒரு சதமும் திருடப்படவில்லை. ஆனால் குடும்பம் ஒன்று கொள்ளையிடப்பட்டுவிட்டது. கைத்தொலைபேசி, பென்றைவ், கமராவின் சிறு அட்டை என்பனவும் இவ்வாறே. அவற்றை எடுத்து உறையில் இடுவதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை. கள்ளாமை பற்றிச் சொல்ல வந்த திருவள்ளுவர் கையைப் பற்றி மட்டும் பேசாது உள்ளத்தைப் பற்றியும் பேசினார் என்பது நினைக்கத்தக்கது.

‘விட்டுச் சென்ற பொருள்’ என்ற சொற்றொடருக்கு இந்த மண்ணிலே வேறொரு கனமும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின் திரும்பி வந்தபோது கதவும் யன்னலும் இல்லாத வீடுகளைக் கண்டவர் பலர். அந்தத் துயரைச் சொல்லாத வீடு இல்லை. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டு முன்னர், 1990இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் சில மணி நேரத்துக்குள் வெளியேற நேர்ந்தது. அவர்களுடைய கடைகளும் வீடுகளும் தட்டுமுட்டுகளும் இங்கேயே கிடந்தன. பின்னர் அவை யார் யார் கைக்குப் போயின என்பது அதிகம் பேசப்படுவதில்லை. தன் வீட்டுக் கதவைத் தேடி அலைந்த ஊர், அயலவன் விட்டுப்போன கதவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். வாகனத்துச் சீற்றிலே மறந்துவிட்ட பை சிறிய காரியம். அது பெரிய காரியம். ஆனால் சிறியதிற் பழகாத கை பெரியதிற் திடீரென்று நேர்மையாகிவிடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் உளர். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 386ஆம் பிரிவு பிறர் பொருளை நேர்மையின்றிக் கையாடுவதைப் பற்றியது. 388ஆம் பிரிவு, நம்பி ஒப்படைத்ததை மோசம் செய்வதைப் பற்றியது. கண்டெடுத்தவர் உரியவரிடம் சேர்க்கும் எண்ணத்தோடு ஒரு பொருளை எடுத்து வைத்திருப்பது குற்றமாகாது. ஆனால் உரியவர் யாரென்று தெரிந்திருந்தும், அல்லது அறியக்கூடிய வழியிருந்தும், தேடாமல் தனதாக்கிக் கொண்டால் குற்றம். தெருவிலே ஒரு காசு கிடந்தது, யாருடையதென்று தெரியாது என்று சொல்ல இடமுண்டு. வாகனத்துக்குள்ளே கிடந்த காசுக்கு அந்தச் சாட்டுக் கிடையாது. அதற்கு முன்னும் பின்னும் இலக்கத்தகடு இருக்கிறது. யப்பானில் கண்டெடுத்த பொருளை ஒப்படைப்பவருக்கு அதன் பெறுமதியில் நூற்றுக்கு 5 முதல் 20 வரை வெகுமதி பெறச் சட்டமே உரிமை தருகிறது. இங்கே ஓடும் கார்களிற் பெரும்பாலானவை அந்நாட்டவை. வாகனத்தோடு அந்தப் பழக்கமும் கொஞ்சம் இறக்குமதியாகியிருக்கலாம்.

‘வாகனத்தினுள் உள்ள பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதி மாட்டிய பலகையைச் சில நிலையங்களிலே காணலாம். முதலாளியின் பயமும் நியாயமானதுதான். இல்லாத சங்கிலியைக் கேட்டு வந்து சண்டை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். பலகை நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது சட்டத்தரணிகள் பேசவேண்டியது. ஆனால் திருக்குறிப்புத்தொண்டர் துவைக்கும் கல்லுக்கருகே ‘மழைக்கு நான் பொறுப்பல்ல’ என்று எழுதி வைத்திருந்தால் அவர் வெறும் தொழிலாளியாகவே இருந்து மறைந்திருப்பார். பலகைக்குப் பதிலாக ஒரு கொப்பி போதும். வாகனம் வந்தவுடன் உரியவரும் வேலைக்காரரும் சேர்ந்து டிக்கியையும் டாஷ்போட்டையும் ஒருமுறை திறந்து பார்த்து, இருப்பதை எழுதி, இருவரும் ஒப்பமிட்டுவிட்டால் பயம் இரண்டு பக்கத்துக்கும் நீங்கிவிடும்.

இதைவிடச் சிக்கலானது வாடகை வான். கலியாணத்துக்குப் போய்வந்த வானிலே ஒரு கைச்சங்கிலி கிடைக்கிறது. வான் ஒருவருடையது. ஓட்டி வந்தவர் இன்னொருவர். சங்கிலி இருவருடையதும் அன்று. சாரதி, “தம்பி, என்னட்டைத் தா, நான் ஆக்களிட்டைக் குடுக்கிறன்” என்கிறார். கொடுப்பதா, விடுவதா? கொடாவிட்டால் அவரைக் கள்ளன் என்று சொன்னது போலாகும். கொடுத்துவிட்டுப் பேசாமலிருந்தால், சங்கிலி சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததோ என்பது தெரியாமலே போய்விடும். நடு வழி ஒன்று உண்டு. வான் உரிமையாளருக்கு முதலிற் தொலைபேசியிற் சொல்லிவிட்டு, சாரதியிடம் எழுத்திற் கொடுப்பது. இதிலே எவருக்கும் அவமானமில்லை. “அண்ணை, முதலாளிக்கும் சொல்லிப்போட்டன், இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ” என்றால் நேர்மையான சாரதி கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு செய்திதான்.

இவ்விடயத்தில் கோயில்களிடமிருந்து கற்கக்கூடியதொன்றுண்டு. திருவிழாக் காலத்திலே நகையோ பணப்பையோ கண்டெடுக்கப்பட்டால் ஒலிபெருக்கியிலே அறிவிப்பார்கள். சங்கிலி என்று சொல்வார்கள். எத்தனை பவுண், பதக்கத்தில் என்ன உருவம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அடையாளங்கூறிப் பெற்றுக்கொள்ளுமாறு மட்டும் கேட்பார்கள். மீதியை உரியவர் வந்து சொல்லவேண்டும். வானிலே போன இருபது பேருக்கும் சங்கிலியின் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பிவிட்டு, யாருடையது என்று கேட்பது இதற்கு நேர்மாறு. ஆசைக்கு வழிகாட்டிக் கொடுப்பதாகும்.

வாகனத்துக்குரியவருக்கும் கடமை உண்டு. கோவணத்தைத் தந்தவர் அதைப் பற்றிச் சொல்லித் தந்தார். சொல்லாமலே ஒரு பையை விட்டுவிட்டுப் போவது, நாட்கூலிக்கு நிற்கும் ஒரு பெடியனுடைய மனத்திலே பாரத்தை ஏற்றிவைப்பதாகும். அவனுடைய வீட்டில் அன்று அடுப்பெரிந்ததோ என்பது பையை விட்டவருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தவறு, தேடிப் பாராமற் குற்றஞ் சாட்டுவது. வீட்டு அலுமாரியிலே கிடக்கும் மோதிரத்துக்காகக் கராச்சிலே ஒருவனுடைய சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தவர்கள், மோதிரம் கிடைத்தபின் திரும்பிப் போய்த் தம்பி மன்னித்துக்கொள் என்று சொல்வது குறைவு. சந்தேகம் எப்போதும் கீழ்நோக்கியே விழுகிறது. முதலாளியின் பையை எவரும் தட்டுவதில்லை. துணி வெளுத்தவரை அறுபத்துமூவர் வரிசையிலே வைத்துக் கும்பிட்ட சமூகம், அதே தொழில் செய்தவர்களையும் ஏனைய ஒடுக்கப்பட்டவர்களையும் கோயிலுக்குள் விடாதிருந்ததும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அதற்காகப் போராட்டம் நிகழ்ந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. இழந்த மோதிரத்துக்கு ஈடு உண்டு. கள்ளன் என்று பத்துப்பேர் முன்னிலையிற் கேட்ட சொல்லுக்கு ஈடாக எதை வைப்பது?

சில்லறைக் காசு பற்றிக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். சீற்றுக்கடியிற் கிடக்கும் பத்தும் இருபதும் கழுவுபவனுக்கே என்பது எழுதாத வழக்கமாகிவிட்டது. உரியவர் முகமலர்ச்சியோடு விட்டுக்கொடுக்கக் கூடியதுதான். ஆனால் அந்த மலர்ச்சியை அவரிடம் கேட்டுப் பெறவேண்டும். காசுகளைத் துடைத்து, கதவுப் பக்கத்துக் குழியிலே அடுக்கி வைத்துவிட்டால் பத்துப்பேரில் ஒன்பதுபேர், “நீயே வைச்சிரு தம்பி” என்பார்கள். அப்போது அது அவனுடைய காசு.

இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. கண்டெடுத்த பணத்தை வைத்திருக்கவும் மனமில்லாமல், தேடிக் கொடுக்கவும் அலுப்புப்பட்டு, கோயில் உண்டியலிற் போட்டுவிடுவது. போட்டவர் புண்ணியம் செய்ததாக நினைப்பார். கோயிலுக்கு வந்ததை எவரும் வேண்டாம் என்பதுமில்லை. எனினும் தனதல்லாததைச் சுவாமிக்குக் கொடுப்பது கொடையாகுமா? கோவணம் மறைந்தபோது அமர்நீதியார் பிறருடைய பொருளைத் தட்டிலே ஏற்றவில்லை, தம்முடையதையே ஏற்றினார். உண்டியலில் விழுந்த அந்த ஐயாயிரம் ரூபாவைத் தேடி, கிளினிக்குக்குப் போகவேண்டிய ஒரு கிழவி வீட்டிலே தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். அவருடைய மகனின் வாகன இலக்கம் கராச்சின் கொப்பியிலே இருக்கிறது. தொலைபேசி இலக்கமும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.